பெருந்தொற்றுக்குப் பின் கிறிஸ்தவ எதிர்நோக்கு: செஞ்சி, வட ஆற்காடு வட்டாரத்தின் சான்றுகள்

1. எதிர்நோக்கின் அடிப்படை

விசுவாசம், எதிர்நோக்கு, அன்பு ஆகிய மூன்றையும் கிறிஸ்தவ மரபு இறைசார் நற்பண்புகள் என்று வகுத்திருக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் இதற்கு மூலம். மூன்றனுள் நடுவில் நிற்கும் எதிர்நோக்கே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். கடவுள் தந்த வாக்கு நிறைவேறும் என்ற உறுதியில் இன்றைய வாழ்வை நடத்துவது எதிர்நோக்கு. காலம் எப்படியும் நல்லபடியாக மாறிவிடும் என்று நினைப்பதற்கு நாட்டு நடப்புதான் ஆதாரம். நடப்பு மாறினால் அந்த நினைப்பும் கலைந்துவிடும். எதிர்நோக்கு வாக்குத் தந்தவரின் உண்மைத்தன்மையைப் பற்றி நிற்கிறது. அதனால் நடப்பு மிக மோசமாக இருக்கும் நாளிலும் அதற்கு நிற்க இடம் உண்டு.

இந்த உறுதியின் மையம் இயேசுவின் உயிர்ப்பு. யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், உயிர்த்த இயேசுவின் கைகளிலும் விலாவிலும் காயங்கள் அப்படியே இருக்கின்றன. தோமா அவற்றைக் கண்டே விசுவாசிக்கிறார். பட்டது எதுவும் படாததுபோல் துடைக்கப்படவில்லை. காயத்தோடு கூடிய உடலே புது வாழ்வு பெற்றது. பெருந்துன்பம் ஒன்றைக் கடந்து வந்த சமூகத்துக்கு இது இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. நடந்ததை மறந்தால்தான் முன்னே போகலாம் என்பதில்லை. முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிடுவதும் கிறிஸ்தவ எதிர்நோக்கின் இலக்கு அன்று.

அடுத்த அதிகாரம் வாழ்வு மீண்டும் தொடங்குவதையே காட்சியாக வைக்கிறது. சீடர்கள் பழைய தொழிலுக்குத் திரும்பி, திபேரியாக் கடலில் இரவெல்லாம் வலை வீசுகிறார்கள், ஒன்றும் அகப்படவில்லை. விடியலில் இயேசுவின் சொற்படி வலை வீசி, நிறைந்த வலையோடு கரைக்கு வருகிறார்கள். கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்து, சாப்பிட வரும்படி இயேசு அவர்களை அழைக்கிறார். உணவு முடிந்த பிறகே பேதுருவுக்குப் பணி தரப்படுகிறது: மந்தையைப் பேண வேண்டும். அன்றாட வாழ்வு திரும்புகிறது. அதற்குள்ளேயே ஒரு புதிய பொறுப்பும் வந்து சேர்கிறது. பெருந்தொற்றுக்குப் பிந்திய கிறிஸ்தவ வாழ்வைப் பற்றிய எந்தச் சிந்தனைக்கும் இந்த இரண்டும் அளவுகோல்.

2. தடைப்பட்ட காலம்

உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோய்ப்பரவலைப் பெருந்தொற்று என்று 2020 மார்ச் 11இல் குறிப்பிட்டது. உலகளாவிய சுகாதார நெருக்கடி முடிந்தது என்று 2023 மே 5இல் அறிவித்தது. இந்தியாவில் அரசுக் கணக்கின்படி ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோரும், தமிழ்நாட்டில் 38,000க்கு மேற்பட்டோரும் இறந்தார்கள். உண்மையான இழப்பு இதைவிட மிக அதிகம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் உலகெங்கும் வழக்கத்துக்கு மேற்பட்ட இறப்புகள் சுமார் ஒன்றரைக் கோடி என்று அது கணக்கிட்டது. இந்திய அரசு இந்தக் கணக்கீட்டு முறையை ஏற்கவில்லை.

2020 மார்ச் 25இல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது கிறிஸ்தவர்கள் தவக்காலத்தின் நடுவில் இருந்தார்கள். அந்த ஆண்டு குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 5, புனித வெள்ளி ஏப்ரல் 10, உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12. பவனியும் சிலுவைப்பாதையும் நள்ளிரவு ஆராதனையும் இன்றி அந்த நாட்கள் கழிந்தன. உரோமையில் மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த ஆளில்லாத பேதுரு சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் தனியே நின்று மன்றாடினார். தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் கட்டுப்பாடுகளோடு பரவலாகத் திறக்கப்பட்டது 2020 செப்டம்பர் 1இல்தான். இரண்டாம் அலையில் 2021 ஏப்ரல் இறுதியில் அவை மீண்டும் மூடப்பட்டன. அந்த மே மாதத்தில் மாநிலத்தின் ஒருநாள் தொற்று 36,000ஐக் கடந்தது. ஜூலை 5இல் கதவுகள் திறந்தன. ஆகஸ்டிலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களிலும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்ற கட்டுப்பாடு வந்ததால், ஞாயிறு ஆராதனையை மையமாகக் கொண்ட சபைகளுக்கு வாரத்தின் உயிர்நாடியே நின்றுபோனது. அக்டோபர் நடுவில் அது நீங்கியது. மூன்றாம் அலையில் 2022 ஜனவரியில் சில வாரங்களுக்கு அதே கட்டுப்பாடு மறுபடி வந்து போயிற்று.

இந்தக் காலத்தில் நின்றுபோனவை பலவும் உடம்பைச் சார்ந்தவை. கையால் தொட்டு ஆசீர்வதிப்பது, ஒரே கிண்ணத்தில் பருகுவது, நோயாளியின் தலைமாட்டில் நின்று ஜெபிப்பது, துக்க வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பது எல்லாம் ஆபத்தாகிவிட்டன. கிறிஸ்தவம் கடவுள் மனித உடல் எடுத்தார் என்று அறிக்கையிடும் சமயம். தண்ணீர், எண்ணெய், அப்பம், இரசம் இல்லாமல் அதன் அருட்சாதனங்கள் இல்லை. ஆகவே திரையில் நடந்த ஆராதனை ஆறுதல் தந்தாலும், இழந்தது எது என்பதையும் அதுவே தெளிவாகக் காட்டியது.

3. புலம்பலுக்கு உரிய இடம்

வாழ்வு திரும்பும்போது சபைகள் முதலில் செய்யத் தூண்டப்படுவது நன்றி ஆராதனை. அது வேண்டியதே. ஆனால் விவிலியம் நன்றிக்கு முன் புலம்பலுக்கு நீண்ட இடம் ஒதுக்கியிருக்கிறது. சங்கீதங்களில் புலம்பல்களே மிகுதி. அவற்றுள் 88ஆம் சங்கீதம் விடிவு எதையும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. ஆயினும் அது வழிபாட்டு நூலில் இருக்கிறது. எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் நூலின் ஐந்து பாடல்களுள் நான்கு எபிரேய நெடுங்கணக்கின் வரிசைப்படி அமைந்தவை. துயரத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை முழுவதும் சொல்லித் தீர்க்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் நோக்கம். கடவுளின் இரக்கம் முடிந்துவிடவில்லை என்ற அறிக்கை நூலின் நடுப்பாடலில் வருகிறது. அதற்குப் பிறகும் அழுகை தொடர்கிறது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போதும் துக்கப்படவே கூடாது என்று சொல்லவில்லை. எதிர்நோக்கு அற்றவர்களைப் போலத் துக்கப்பட வேண்டாம் என்பதே அவர் சொன்னது.

பெருந்தொற்றில் இறந்தவர்களுக்கு இந்த அழுகை மறுக்கப்பட்டது. ஒப்பாரியும் ஊர்கூடி அடக்கமும் தமிழ்ச் சமூகத்தில் சாவுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. ஊரடங்கு விதி அதை இருபது பேருக்குள் சுருக்கியது. தொற்றால் இறந்தவர் என்றால் முகம் பார்ப்பதும் கடினம். 2020 ஏப்ரலில் சென்னையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துத் தொற்றுக்கு ஆளாகி இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவருக்கு நடந்ததை நாடே அறியும். அவர் கிறிஸ்தவர். உடலை எடுத்துச் சென்ற இடத்தில் கூட்டம் கூடி மறித்தது. இன்னோர் இடத்தில் கல்லும் கட்டையும் கொண்டு ஆம்புலன்சைத் தாக்கினார்கள். ஓட்டுநர்கள் இரத்தக் காயத்தோடு திரும்பினார்கள். பின்னர் உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர், இரண்டொரு மருத்துவமனைப் பணியாளர்களோடு நள்ளிரவில் உடலைக் கொண்டுபோய், மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். சில நாட்களில், ஏப்ரல் 26இல், அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டத்தைத் தமிழக அரசு பிறப்பித்தது. இறந்த உடலை மதிப்பது உயிர்ப்பை அறிக்கையிடுவதன் ஒரு பகுதி என்று திருச்சபை எப்போதும் போதித்து வந்திருக்கிறது. அந்த இரவில் மண் தள்ளிய கைகள் அந்தப் போதனையைச் செயலில் காட்டின.

புலம்பலுக்கு இடம் கொடுத்தால் இரண்டு தவறான பேச்சுகளுக்கு இடமிருக்காது. முதலாவது, நோய் இன்னாருடைய பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்ற பேச்சு. யோபுவின் நண்பர்கள் அப்படித்தான் பேசினார்கள். நூலின் முடிவில் கடவுள் அவர்கள்மேல் சினங்கொள்கிறார். சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இயேசு பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை மறுக்கிறார். பிறவிப் பார்வையற்றவரைப் பற்றிய கேள்விக்கும் அவர் தந்த மறுமொழி அதுவே.

இரண்டாவது, விசுவாசம் உள்ளவர்களை நோய் அண்டாது என்ற பேச்சு. கொள்ளைநோயிலிருந்து காப்பதைப் பாடும் 91ஆம் சங்கீதத்தைப் பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகள் நாள்தோறும் ஓதின. அது நல்ல பழக்கம். ஆனால் பாலைநிலச் சோதனையில் அலகை இயேசுவிடம் மேற்கோள் காட்டியதும் அதே சங்கீதம்தான் என்று மத்தேயுவும் லூக்காவும் பதிவு செய்திருக்கிறார்கள். கோயிலின் உச்சியிலிருந்து குதித்துக் கடவுளின் காவலைச் சோதித்துப் பார்க்கும்படி அலகை தூண்டியது, இயேசு மறுத்துவிட்டார். முகக்கவசமும் தடுப்பூசியும் விசுவாசக் குறைவு என்று சொன்னவர்களுக்கு அந்த மறுப்பே விடை. உருக்கமாக ஜெபித்தவர்களின் வீடுகளிலும் சாவு நேர்ந்தது. அந்த வீடுகளின் விசுவாசத்தை யாரும் குறைத்து மதிப்பிட வழியில்லை.

4. திருச்சபையின் பழைய அனுபவம்

கொள்ளைநோய் திருச்சபைக்குப் புதிதன்று. கி.பி. 250ஐ ஒட்டி உரோமைப் பேரரசில் பரவிய நோய்க்குக் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானின் பெயரே நின்றுவிட்டது. சாவைப் பற்றி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். தங்களைத் துன்புறுத்தியவர்களையும் கவனிக்கும்படி சபையாரை ஊக்கினார். அதே காலத்தில் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனிசியு எழுதிய பாஸ்கா மடலை யூசேபியு தம் வரலாற்றில் காத்துவைத்திருக்கிறார். நோயாளிகளைப் பேணிய மூப்பர்களும் பொதுநிலையினரும் அந்த நோயாலேயே இறந்ததை அம்மடல் சொல்கிறது. 369ஐ ஒட்டிச் சின்ன ஆசியாவில் செசரியாவைப் பஞ்சம் தாக்கியபோது பசிலியு மக்களுக்கு உணவு வழங்கினார். பின்னர் நகரின் புறத்தே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஒரு பெரிய இல்லத்தை எழுப்பினார். அன்றைய அவசர உதவி நிலையான நிறுவனமாக மாறியதற்கு இது முதன்மையான முன்மாதிரி.

1527இல் விட்டன்பர்க்கில் பிளேக் பரவி, பல்கலைக்கழகம் யேனா நகருக்கு மாறியபோது மார்ட்டின் லூதர் ஊரிலேயே தங்கினார். கொள்ளைநோய்க்கு அஞ்சி ஓடலாமா என்ற கேள்விக்கு அவர் எழுதிய மறுமொழி இன்றும் பயன்படுவது. மருந்து சாப்பிட வேண்டும், வீட்டைப் புகையிட்டுத் தூய்மை செய்ய வேண்டும், தேவையில்லாத இடத்துக்குப் போய்ப் பிறருக்கு நோயைக் கொடுக்கக் கூடாது. அண்டை வீட்டாருக்குத் தேவை என்றால் விலகக் கூடாது. எச்சரிக்கையையும் அன்பையும் எதிரெதிராக வைக்காத இந்தத் தெளிவு 2020இல் பல சபைகளுக்கு வழிகாட்டியது.

5. தாது வருஷமும் சேத்துப்பட்டும்

இத்தகைய அனுபவம் செஞ்சி, வட ஆற்காடு வட்டாரத்துக்கும் உண்டு. இங்குள்ள சீயமங்கலம், முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த அவனிபாஜன பல்லவேஸ்வரத்தால் அறியப்பட்ட ஊர். அதன் அருகிலேயே சமணர் குன்றும் இருக்கிறது. சைவமும் சமணமும் நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்த இந்த வட்டாரத்துக்குக் கிறிஸ்தவம் பிந்தி வந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சிக்கு வந்த இயேசு சபைப் பார்வையாளர் நிக்கோலா பிமென்டா, கிருஷ்ணப்ப நாயக்கரின் அவையையும் நகரையும் பற்றி எழுதிச் சென்றார். ஆனால் ஊர்ப்புறத்துச் சேரிகளிலும் குடியானவர் வீடுகளிலும் கிறிஸ்தவம் வேர்கொண்டது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில். அந்த வரலாற்றின் திருப்புமுனை ஒரு பஞ்சம்.

1876இல் பருவமழை பொய்த்துத் தொடங்கி 1878 வரை நீடித்த பஞ்சத்தைத் தமிழர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். சென்னை மாகாணமும் மைசூரும் தக்காணமும் பாதிக்கப்பட்டன. ஐம்பது லட்சத்துக்குக் குறையாமல் மக்கள் இறந்தார்கள். பசியில் இறந்தவர்களோடு, பசியால் நலிந்த உடம்பில் காலராவும் அம்மையும் காய்ச்சலும் புகுந்து இறந்தவர்களும் ஏராளம். வேலை செய்தால் நாளுக்குச் சுமார் அரைக் கிலோ தானியம் என்று நிவாரணக் கூலியை அரசு குறைத்தபோது, அது உயிரைத் தாங்கப் போதாது என்ற எதிர்ப்பு மாகாணத்துக்குள்ளேயே எழுந்தது.

அக்காலத்தில் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து ஓய்வு பெற்றிருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். அவர் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டிகள் அமைத்து, சாதி சமயம் பாராமல் உணவளித்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கொடையைப் பாராட்டிக் கீர்த்தனை பாடினார். வேதநாயகரின் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ 1878இல் வெளிவந்தது. பஞ்சத்தைப் பற்றி அவர் பாடிய கீர்த்தனைகளில் கடவுளிடம் முறையிடும் குரலே ஓங்கி நிற்கிறது. முறையீடும் கஞ்சித்தொட்டியும் ஒருவரிடத்தில் ஒன்றுசேர்ந்திருந்தன என்பது கவனிக்க வேண்டியது. அழத் தெரிந்தவரே அடுப்பும் மூட்டினார்.

சீயமங்கலத்துக்கு அருகிலுள்ள சேத்துப்பட்டில் இருந்து பணி செய்தவர் பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த தாராஸ் அடிகளார். இன்று லூர்து அன்னை ஆலயத்துக்குப் பெயர்பெற்ற சேத்துப்பட்டு, சுற்றுப்புறக் கத்தோலிக்க ஊர்களுக்குத் தாய்ப்பங்காக வளர்ந்தது அவருடைய காலத்தில்தான். பஞ்ச நாட்களிலும் அதை அடுத்த ஆண்டுகளிலும் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றார்கள். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். தீண்டாமைக்கு ஆட்பட்டவர்களே மிகுதி. பசி நேரத்தில் பெற்ற திருமுழுக்கு உண்மையானதா என்ற கேள்வி அப்போதே மிஷனரிகளிடையிலும் எழுந்தது. அந்தக் கேள்வி நேர்மையானது. பிறர் துயரத்தைத் தன் எண்ணிக்கையைப் பெருக்கும் வாய்ப்பாகக் கருதும் எந்தச் சபையும் எதிர்நோக்கைக் காட்டிக் கொடுக்கிறது. அதே நேரத்தில் அந்தக் கேள்விக்கு மக்களே ஒரு மறுமொழியும் தந்திருக்கிறார்கள். மழை திரும்பி, தானியம் மலிந்த பிறகும் பல குடும்பங்கள் போகவில்லை. தங்களை மனிதராக நடத்திய இடத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கோயில் கட்டி, தலைமுறையாக நிலைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் அதே சேத்துப்பட்டில் தொழுநோயாளிகளுக்கென்று புனித தோமையார் மருத்துவமனை எழுந்தது. பசிக்கு ஊற்றிய கஞ்சியோடு முடியாமல் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அந்தப் பணி நீண்டது.

6. திண்டிவனத்திலிருந்து வேலூருக்கு

செஞ்சிக்குக் கிழக்கே உள்ள திண்டிவனம், அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் ஆற்காட்டு மிஷனைச் சேர்ந்த நிலையமாக இருந்தது. 1853இல் அந்த மிஷனைத் தொடங்கியவர்கள் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள். அவர்களின் தந்தை டாக்டர் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்திலும் பின்னர் சென்னையிலும் மருத்துவப் பணி செய்தவர். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். பஞ்ச காலத்தில் பசித்த குழந்தைகளைக் கண்ட நினைவு அவருக்குச் சிறுவயதிலேயே பதிந்திருந்தது. இந்தியாவில் வாழ்வதில்லை என்ற முடிவோடுதான் அவர் அமெரிக்காவில் படித்தார்.

தாயின் உடல்நலக் குறைவால் 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது ஓர் இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் இன்னொரு சாதி இந்து. மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தார்கள். மருத்துவரான தந்தையை அனுப்புவதாக ஐடா சொன்னார். வேற்று ஆண் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிந்தபோது ஊரில் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள். அந்தக் காலையில் அவர் மருத்துவம் படிக்க முடிவு செய்தார்.

1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்குத் திரும்பி, மிஷன் பங்களாவின் சிற்றறை ஒன்றில் ஒரே கட்டிலுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது. 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. சாலையோரச் சிகிச்சை முகாம்களும் தொடங்கின. குறித்த நாளில் குறித்த மரத்தடியில் வண்டி வந்து நிற்கும். புண்ணும் காய்ச்சலும் கண்வலியுமாக மக்கள் காத்திருப்பார்கள். நோயாளி மருத்துவரைத் தேடி வரும் முறையோடு, மருத்துவர் நோயாளியைத் தேடிப் போகும் முறையும் ஊர்ப்புறத்தில் இப்படி வழக்கமாயிற்று.

1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வேலூரில் தொடங்கியது. பல மிஷன்களும் சபைகளும் கூடி அதைத் தாங்கின. பெண்கள் படிக்க முன்வருவார்களா என்ற ஐயம் அரசு வட்டாரத்தில் இருந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் இந்தியாவில் இன்ஃபுளுவென்சா பெருந்தொற்றின் கொடிய அலை வீசியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட இந்தியர்களைக் கொன்ற நோய் அது. உலகில் வேறு எந்த நாடும் இவ்வளவு உயிர்களை அதற்குப் பறிகொடுக்கவில்லை. மருத்துவரும் செவிலியரும் எவ்வளவு தேவை என்பதை நாடு மிகக் கசப்பாக அறிந்துகொண்ட அதே மாதங்களில் அந்தப் பள்ளியின் முதல் மாணவியர் உடற்கூறு படித்துக்கொண்டிருந்தார்கள். 1922இல் தேர்வெழுதிய 14 பேரும் தேறினார்கள். பள்ளி 1942இல் பட்டப்படிப்புக் கல்லூரியானது. 1947இல் ஆண்களும் சேர்ந்தார்கள். 1960இல் ஐடா மறைந்தபோது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆசியாவின் பெரிய மருத்துவ நிலையங்களுள் ஒன்று. பள்ளி தொடங்கி நூறாண்டுக்குப் பிறகு, கொரோனாக் காலத்தில் வடமாவட்ட நோயாளிகளுக்கு அது பெரும் தாங்கலாக இருந்தது. தடுப்பூசி, தொற்றுநோயியல் பற்றிய நாட்டின் பொதுவிவாதத்தில் அதன் பேராசிரியர்களின் குரல் மதிப்போடு கேட்கப்பட்டது.

திண்டிவனத்து இரவில் இறந்த மூன்று பெண்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. அவர்கள் மீட்கப்படவில்லை, அந்த இழப்பை எந்த வெற்றியும் ஈடுசெய்யாது. ஆனால் அவர்களுக்காகத் துக்கப்பட்ட ஒருவர் அந்தத் துக்கத்தை விட்டு ஓடவில்லை. இத்தனை கட்டில்களும் வகுப்பறைகளும் அதிலிருந்து வந்தவை. காயம் மறையாமலே புது வாழ்வு பிறக்கும் என்ற உயிர்ப்பின் பாடத்துக்கு இந்த வட்டாரத்தில் கிடைக்கும் மிகத் தெளிவான விளக்கம் இது.

7. திரும்பிய வாழ்வின் கடமைகள்

பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது எரேமியா ஒரு நிலம் வாங்கினார். நூலின் 32ஆம் அதிகாரம் அதைப் பத்திரப் பதிவுபோல விவரிக்கிறது: ஊர் ஆனதோத்து, விற்றவர் ஒன்றுவிட்ட சகோதரர், விலை பதினேழு வெள்ளிச் சேக்கல், சாட்சிகள் கையெழுத்திட்டார்கள், முத்திரையிட்ட பத்திரமும் திறந்த படியும் நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கப்பட்டன. நாடு கைவிட்டுப் போகும் நேரத்தில் நிலத்துக்கு விலை கொடுப்பதே அவர் தந்த இறைவாக்கு. எதிர்நோக்கு செலவு செய்யும், கையெழுத்திடும், தன் ஆயுளுக்குப் பிறகும் இருக்க வேண்டியதைப் பத்திரப்படுத்தும். இந்த அளவுகோலின்படி இன்றைய சபைகளுக்குச் சில கடமைகள் தெளிவாகின்றன.

முதலாவது நினைவு. உரிய அடக்க ஆராதனை இன்றிப் புதைக்கப்பட்டவர்களின் பெயர்கள் ஒவ்வொரு பங்கிலும் சபையிலும் எழுதப்பட வேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் அவை வாசிக்கப்பட வேண்டும். நாடுகடத்தலிலிருந்து திரும்பியவர்கள் புதிய கோயிலுக்கு அடிக்கல் இட்டபோது, பழைய கோயிலைக் கண்டிருந்த முதியவர்கள் உரக்க அழுதார்கள், மற்றவர்கள் மகிழ்ந்து ஆர்ப்பரித்தார்கள், எது அழுகை எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியவில்லை என எஸ்ரா நூல் சொல்கிறது. மீண்டும் கூடும் சபையில் இரண்டு குரல்களுக்கும் இடம் வேண்டும்.

இரண்டாவது, இறந்தவர்கள் விட்டுச்சென்றவர்கள். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வைப்புநிதி, ஒருவரை இழந்தவர்களுக்கு மூன்று லட்சம் என்று தமிழக அரசு 2021 மே மாதத்தில் அறிவித்தது. பணம் அரசு தரலாம். பள்ளிக் கூட்டத்துக்கு வந்து உட்காரும் பெரியவரும், கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பித் தரும் கையும், கைம்பெண்ணுக்குத் துணையாக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வரும் ஆளும் ஊருக்குள்ளிருந்துதான் வர வேண்டும்.

மூன்றாவது கல்வி. பள்ளிகள் மூடியிருந்த காலத்துக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலையில் கற்பித்தார்கள். ஆலயத்தோடு பள்ளியையும் சேர்த்தே கட்டிய மரபு இந்த வட்டாரச் சபைகளுக்கு உண்டு. ஞாயிறு தவிர ஆறு நாளும் பூட்டிக் கிடக்கும் சபைக்கூடத்தைப் படிப்புக்குத் திறந்துவிடுவது அந்த மரபின் தொடர்ச்சி.

நான்காவது கூடுகை. நேரலை ஆராதனை படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் கிடைத்த நன்மை. அதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் கதவு திறந்த பிறகும் வராத முதியவர்களும், கூட்டத்தைக் கண்டு அஞ்சுபவர்களும், தொற்றில் வேலை இழந்து கூச்சத்தால் ஒதுங்கியவர்களும் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுபோவதும், போதகரும் உபதேசியாரும் வீடு வீடாகச் சந்திப்பதும் சாலையோர முகாமின் அதே நெறி: வர முடியாதவரைத் தேடிப் போவது.

ஐந்தாவது சமத்துவம். கிருமி சாதி பார்க்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் சாதிவாரியாகப் பிரிந்த கிறிஸ்தவக் கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. ஒரே உயிர்ப்பை அறிக்கையிடுபவர்கள் இறந்தவர்களுக்கு நடுவில் சுவர் எழுப்புவது அந்த அறிக்கையையே மறுப்பதாகும். அந்தச் சுவர்கள் நிற்க, பெருந்தொற்று தந்த பாடம் கற்கப்பட்டது என்று எந்தச் சபையும் சொல்லிக்கொள்ள முடியாது.

ரோமருக்கு எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் பவுல் ஒரு வரிசை தருகிறார்: துன்பத்திலிருந்து பொறுமை, பொறுமையிலிருந்து தேர்ச்சி, தேர்ச்சியிலிருந்து எதிர்நோக்கு. எதிர்நோக்கு வரிசையின் கடைசியில் நிற்கிறது. நடுவிலுள்ள எதையும் தாண்டி அதை எட்ட முடியாது. தாது வருஷத்துக்கும் சேத்துப்பட்டு மருத்துவமனைக்கும் இடையில் பல பத்தாண்டுகள் சென்றன. திண்டிவனத்து இரவிலிருந்து வேலூர்ப் பள்ளியில் தேறிய முதல் மாணவியர் வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. 2020 தந்த துயரத்துக்கும் இந்தத் தலைமுறை அதே பொறுமையோடு உழைக்க வேண்டியிருக்கிறது. பெயர்கள் எழுதப்பட்டு, பிள்ளைகள் படித்து, ஒதுங்கியவர்கள் திரும்பி, கல்லறைச் சுவர்கள் இடிபடும்போது இந்த மண்ணில் கிறிஸ்தவ எதிர்நோக்கு மெய்ப்படும்.